தொண்டைக்கு லீவு, வீடியோவுக்கு டியூட்டி

வாத்தியார் வேலைக்கு அரசாங்கம் சாக்பீஸ் தருகிறது, டஸ்டர் தருகிறது, வருகைப் பதிவேடு தருகிறது. தொண்டையை மட்டும் நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். பத்தாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் ஐம்பதுக்குக் குறையாத பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு, ரோட்டில் ஏர் ஹாரன் வைத்த பஸ்கள். இத்தனைக்கும் மேலே குரலை ஏற்றித்தான் இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன். இதைப் படிக்கிற டீச்சர்களே, சார்களே, உங்கள் கைப்பையில் இந்த நிமிஷம் ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், வேறு யாருக்கும் இந்தக் கஷ்டம் புரியாது.

மிளகை விடச் சின்னது

ஆகஸ்ட் மாதம் என் குரல் போய்விட்டது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று, பிறகு அதுவும் இல்லை. சிதம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். வாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டிலும் மிளகை விடச் சின்னதாக ஆளுக்கொரு முடிச்சு இருக்கிறது என்றார். "ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு ரகசியம்கூடப் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல். அதுக்கப்புறம் நவம்பர் வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமே இருபது நிமிஷம், அதுவும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுற மாதிரி. மீறிக் கத்தினீங்கன்னா ஆபரேஷன்தான். பண்ணினாலும் இதே குரல் திரும்ப வரும்னு என்னால எழுதித் தர முடியாது" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன்: 'நான் டீச்சர். பத்தாம் வகுப்பு. பப்ளிக் எக்ஸாம் வருகிறது. லீவு போட்டால் பதிலுக்கு ஆள் இல்லை.' டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கிட்ட வர்ற தொண்டையில ஜாஸ்தி வாத்தியார் தொண்டைதான்மா. எல்லாரும் இதே சீட்டைத்தான் எழுதித் தர்றீங்க."

காது நன்றாகத்தான் கேட்கிறது

பஸ் ஸ்டாண்டில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், ஒளிப்பானேன். குரல் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? தையல்கூடத் தெரியாது. ஊமையாக இருந்த அந்த இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. நாம் பேசாவிட்டால் நமக்குக் காதும் கேட்காது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. தினமும் நான் போகிற பஸ்ஸின் கண்டக்டர் நல்ல மனுஷன், ஆறு வருஷப் பழக்கம். 'தொண்டை சரியில்லை, பேசக் கூடாது' என்று எழுதிக் காட்டியதிலிருந்து என்னிடம் கையை ஆட்டி ஆட்டி ஜாடையில் பேச ஆரம்பித்தார். பஸ் நிற்கப் போகிறது என்பதற்கு அவர் செய்து காட்டிய அபிநயத்தைப் பார்த்து முன் சீட்டுக் குழந்தை அழுதது. ஜாடை எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, கடைசியில் குனிந்து என் காதுக்குள் கத்தினார். "அக்கா! உங்க ஸ்டாப்பு! கேக்குதா? ஸ்டாப்பு!"

எந்த ஊர்ப் பூ?

இனிப் பள்ளிக்கூடக் கதை. எங்கள் பள்ளியில் ஒரு புரொஜெக்டர் உண்டு. தூசு படக் கூடாதென்று அட்டைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தோம். ஹெச்.எம். சாரிடம் எழுதிக் கேட்டு அதை வெளியே எடுத்தேன். அறையை இருட்டாக்க ஜன்னலில் பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டினோம். பணி நிறைவு விழாவுக்கு அடித்த பேனர் அது. ரிட்டயர்டு ஆன தமிழ் ஐயா கைகூப்பிச் சிரித்தபடி இன்றுவரை எங்கள் வெயிலைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்.

பூக்களில் இனப்பெருக்கம் பாடம். இணையத்தில் தேடி அட்டகாசமான வீடியோ ஒன்றை எடுத்தேன். வானத்திலிருந்து இசை வருகிறது, பூ மெல்ல விரிகிறது, தேனீ தங்கம்போல் மின்னுகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு நிம்மதி. அடுத்த நாள் போர்டில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: 'மகரந்தப்பை எங்கே இருக்கிறது?' ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்ச் தினேஷ் மட்டும் எழுந்தான். பரீட்சையைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் அவன். "மிஸ், அது இன்னா ஊரு பூன்னே தெரியல மிஸ். எங்க ஊட்டாண்ட செம்பருத்திதான் இருக்குது. அத அறுத்துக் காட்டுனா சொல்லிடுவேன்."

சர்க்கரை டப்பா

பயல் சொன்னது சரி. இரண்டு வாரம் முடிந்து எனக்கு இருபது நிமிஷம் அனுமதி கிடைத்ததும் ஒரு கணக்குப் போட்டேன். வகுப்பில் பேசினால் அந்த இருபது நிமிஷம் ஒரு செக்‌ஷனுக்கே போதாது. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஒரு தரம் பேசிப் பதிந்துவிட்டால் இரண்டு செக்‌ஷனுக்கும் ஆயிற்று. ஆகவே சாயந்திரம் ஐந்து மணிக்குச் சமையல் மேடையைத் துடைத்து, செல்போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, கொல்லையில் பறித்த செம்பருத்தியை பிளேடால் கீறி, பக்கத்து வீட்டம்மாவிடம் பேசுகிற குரலில் பாடம் சொன்னேன். வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன், என் குரல் முழுக்கப் பிள்ளைகளுக்குப் போய்விடும், இனி வீட்டில் சீட்டுதான் என்று. மனிதர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தை மறைக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எடுத்த வீடியோவைச் சரிபார்க்கும் பொறுமை எனக்கில்லை. அப்படியே கொண்டுபோய்ப் போட்டேன். சூல்பையை நெடுக்காகக் கீறிக் காட்டுகிற இடத்தில், பின்னால் என் வீட்டுக்காரர் கைலியும் பனியனுமாக வந்தார். டீ போடப் போகிறார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினார். தலையைச் சொறிந்தார். போய்விட்டார். சுவரில் ஆள் உயரத்துக்கு இதெல்லாம் ஓடுகிறது, ஐம்பது பிள்ளைகள் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். எனக்கு மானம் போயிற்று. படம் முடிந்ததும் 'சந்தேகம்?' என்று போர்டில் எழுதினேன். முதல் பெஞ்ச் பெண் எழுந்து நின்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். "மிஸ், சாருக்கு சர்க்கரை டப்பா கெடச்சுதா மிஸ்? அது மேல் தட்டுல இருந்துச்சு, நாங்க பாத்தோம்."

யாரைத் திட்டினீர்கள்?

பத்தொன்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஒரு நாள் சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, எட்டாவது நிமிஷத்தில், என் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது: "கடைசி பெஞ்ச், பேச்ச நிறுத்து." எதிரே இருந்தது அரிசி டின். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

மறுநாள் ஏ செக்‌ஷனில் போட்டேன். சுவரில் இருக்கிற நான் அதைச் சொன்ன அந்த விநாடியில் தினேஷ் உண்மையாகவே பக்கத்துப் பையனிடம் கபடி மேட்ச் கதை பேசிக்கொண்டிருந்தான். வெலவெலத்துப்போய் எழுந்து நின்றுவிட்டான். "மிஸ், ஊட்லருந்து எப்படி மிஸ் பாத்தீங்க?" நான் என்ன, உண்மையைச் சொல்வேனா? புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அந்த மாதம் முழுக்க ஏ செக்‌ஷன் கடைசி பெஞ்ச் தங்கமான பெஞ்ச்.

மத்தியானம் அதே வீடியோ பி செக்‌ஷனுக்கு. அங்கே அந்த நேரத்தில் ஊசி விழுந்தால் கேட்கும், அத்தனை அமைதி. திட்டு வந்ததும் கடைசி பெஞ்சில் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. பி செக்‌ஷன் லீடர் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்து நியாயம் கேட்டாள். "மிஸ், ஏ செக்‌ஷனுக்கு வெச்சிருக்கிற திட்ட எங்களுக்கும் ஓட்டாதீங்க மிஸ்."

ஏழு தடவை

வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது, சரி. பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால்? போர்டில் ஒரு விதி எழுதிப்போட்டேன்: 'கை தூக்கினால் நிறுத்துவேன். பத்து செகண்ட் பின்னால் போவேன்.' லேப்டாப் பக்கத்தில் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் ஒரு கையும் எழவில்லை.

இரண்டாவது வாரம் ரம்யா கையைத் தூக்கினாள். ஒன்பதாவதிலிருந்தே என்னிடம் படிக்கிற பெண், ஒரு நாளும் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. இரட்டைக் கருவுறுதல் வருகிற இடம். மகரந்தக் குழாயில் இரண்டு ஆண் கேமீட்டுகள் இறங்கி, ஒன்று அண்டத்தோடும் இன்னொன்று நடுவிலுள்ள உட்கருவோடும் சேர்கிற இடம். நிறுத்தினேன், பின்னால் போனேன். மறுபடி கை. மறுபடி பின்னால். நாலாவது தடவை பையன்கள் சிரித்தார்கள். ஐந்தாவது தடவை எனக்கே எரிச்சல். வாயிருந்தால் அன்றைக்கு நிச்சயம் "இதுகூடவா தெரியல?" என்று கேட்டிருப்பேன். வாயில்லை, ஆகவே நானும் ஆறாவது தடவை சுவரில் பேசுகிற என்னையே காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டபோதுதான் உறைத்தது. பூவின் இதழைப் பற்றி ஆற அமரப் பேசுகிறவள், கஷ்டமான இந்த இடம் வந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி ஓடுகிறேன். பாதி வார்த்தை எனக்கே புரியவில்லை.

ஏழாவது தடவைக்குப் பிறகு ரம்யா தலையாட்டினாள். சிரித்தவர்களில் பலரும் அப்போதுதான் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்கள். மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டு, 'இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?' என்று எழுதிக் காட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "வீடியோவுல இருக்கிற மிஸ்ஸ நிறுத்தலாம் மிஸ். நேர்ல நீங்க நடத்துறப்ப உங்கள நிறுத்த பயமா இருக்கும்."

கரண்ட் போன நாள்

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையிலிருந்தே ஊற்றுகிறது. பி செக்‌ஷன் அறையில் ஒழுகல், அவர்களையும் கொண்டுவந்து ஏ செக்‌ஷனில் அடைத்துவிட்டார்கள். நூறு பிள்ளைகள், ஒரே அறை. செம்பருத்திப் பாடம் திருப்புதல். படம் ஓட ஆரம்பித்து இரண்டாவது நிமிஷம் கரண்ட் போயிற்று.

அடேயப்பா, அந்தக் கூச்சல்! மேஜையைத் தட்டினேன், கேட்கவில்லை. போர்டில் எழுதினேன், வாசல் வெளிச்சம் மட்டும் இருந்த அரை இருட்டில் அதை யார் படிக்கிறார்கள்? இரண்டு பையன்கள் பெஞ்ச் மேல் ஏறி அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு அதட்டல் போதும், எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் இரண்டு வாரம்தான். ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று மனசு சொன்னது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேவிட்டேன்.

"கடைசி பெஞ்ச், பேச்ச நிறுத்து!" என்று குரல் வந்தது. என் குரல் இல்லை, தினேஷின் குரல். என்னை மாதிரியே ராகம் போட்டுச் சொன்னான். நூறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள், பெஞ்ச் மேல் ஏறியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பையன் முன்னால் வந்து சாக்பீஸை எடுத்தான். என் வீடியோவை முதலிலிருந்து அப்படியே ஓட்ட ஆரம்பித்தான். "செம்பருத்திய இப்புடி நெடுக்கால கீறணும்" என்றான். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுகிற மாதிரி ஏற்றினான். சூல்பை வந்ததும், "இந்த எடத்துல சார் வருவாரு" என்று சொல்லிவிட்டு, இல்லாத டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடித் தலையைச் சொறிந்தான். அந்த வீடியோவில் இரட்டைக் கருவுறுதலின்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அந்த விசிலையும் விடவில்லை. ரம்யா கையைத் தூக்கினாள். சட்டென்று சிலை மாதிரி நின்றான். பிறகு இரண்டடி பின்னால் நடந்து, அதே வரியைத் திரும்பச் சொன்னான். ஒரு வார்த்தை தப்பில்லை. நான் மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை அந்த அரை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த அறையில் கணக்கு எடுக்கிற அந்தோணி சார், நான் கத்திவிட்டேனோ என்று பதறி ஓடி வந்தார். வாசலில் நின்று நான்கு நிமிஷம் வேடிக்கை பார்த்தார். "என்ன டீச்சர், கரண்ட் இல்லாமயே உங்க படம் ஹவுஸ்ஃபுல்லா ஓடுது?"

என் தொண்டையின் படம்

நவம்பரில் மறுபடி சிதம்பரம். பஸ்ஸில் கண்டக்டர் கட்டைவிரலைத் தூக்கி, எல்லாம் நல்லபடியாக ஆகும் என்று ஜாடை காட்டினார். அவரை இனித் திருத்த முடியாது. டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிறகு எடுத்ததை டிவியில் போட்டுக் காட்டினார். ஊருக்கெல்லாம் வீடியோ போட்டவளுக்கு அன்றைக்கு வீடியோ பாடம்.

வெள்ளையாக இரண்டு நாண்கள் திறந்து மூடின. டாக்டர் மளமளவென்று இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். முடிச்சு இருக்கிறதா இல்லையா, அது ஒன்றுதான் எனக்கு வேண்டும், அவர் சொன்னதில் அது எங்கே வந்தது என்று பிடிபடவில்லை. யோசிக்கவே இல்லை, என் வலது கை தானாக மேலே போயிற்று. டாக்டர் பேச்சை நிறுத்தினார், படத்தையும் நிறுத்தினார். இரண்டாம் முறை மெதுவாக ஓட்டி, விரலை வைத்துக் காட்டினார். முடிச்சு இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. ஆபரேஷன் கிடையாது. பேசலாம், கத்தாமல் பேசலாம். பெருமூச்சு விட்டேன் பாருங்கள், மேஜையில் இருந்த சீட்டெல்லாம் பறந்திருக்கும். அப்போதும் நான் கையை இறக்காமல் இருந்ததைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டார். "என்ன டீச்சர், இன்னும் டவுட்டா?"

பத்து செகண்ட்

திங்கட்கிழமை புரொஜெக்டரைப் போடாமல் வகுப்பில் நின்றேன். "வணக்கம், உக்காருங்க" என்றேன், சமையலறைக் குரலில். அவ்வளவுதான், வகுப்பே கப்சிப். என் குரல் நேரில் வருகிறது என்று நம்புவதற்கு அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தினேஷ் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் குரலை ஏற்றவில்லை, ஏற்றத் தேவையும் வரவில்லை. மூன்று மாதமாக மெல்லிய குரலைக் கேட்டுக் கேட்டு அவர்கள் காது பழகியிருந்தது. இது தெரியாமல் பத்தொன்பது வருஷம் தொண்டையைக் கிழித்துக்கொண்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மரபியல் பாடம். மெண்டலின் பட்டாணிச் செடியில் நெட்டை குட்டை வரைக்கும் நிதானமாகத்தான் போனேன். இரு பண்புக் கலப்பு வந்ததும் பழைய புத்தி, என்னை அறியாமல் வேகம் எடுத்துவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. ரம்யா. முன்பெல்லாம் என்றால், "கடைசியில கேளு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்குப் பாதி வாக்கியத்தில் நின்றேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்க்கிறது. அவள் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "மிஸ், ஒரு பத்து செகண்ட் பின்னாடி போங்க மிஸ்."

போனேன், குரல் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அதை நிறுத்துகிற பட்டன் மட்டும் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது, திருப்பிக் கேட்க எனக்கும் மனசில்லை.